கடுகின் உயரம்

ஜூன் 2, திங்கள்

பால் சொசைட்டியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக அரிசி டிரம்மின் மேல் சும்மா கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தினமும் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அப்புறம் அடுப்பும் ஆளும் வந்து அதை விழுங்கிவிட்டன. இன்று திரும்ப எழுதத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஆடிப்பதினெட்டுக்குச் செல்லாண்டியம்மன் கோயில் குதிரை வண்டிப் பந்தயம் இந்த வருடமும் உண்டு என்று வாய்க்கால் பாலத்தில் தட்டி கட்டிவிட்டார்கள். நாற்பத்தைந்து இஞ்ச் உயரத்துக்கு மேல் போகாத குதிரை, பெரிய குதிரை என்று இரண்டு பிரிவு. போன வருடம் பூபதி நாற்பத்தைந்தில் ஓட்டினான். வண்டிகள் போய்ச் சுற்றித் திரும்புகிற எல்கைப் புளியமரத்தை இரண்டாவதாகத் திரும்பினான். முதலில் திரும்புகிற சாரதிக்குத்தான் கொடி. வண்டியை விட்டு இறங்கி முகத்தைக்கூடக் கழுவாமல் நேராக என்னிடம் வந்து, "அம்மா, அடுத்த வருசம் கொடி நம்மளுது. எழுதி வெச்சுக்கோ" என்றான்.

அன்றைக்கு எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பூபதி என் மகன். ஒரே மகன். இருபத்திரண்டு வயது. போன கார்த்திகையில் டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். இந்த ஒரு வரியை எழுதப் பயந்துதான் இத்தனை நேரம் பந்தயத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் போல.

அவன் வளர்த்த குதிரை கடுகு தொழுவத்தில் நிற்கிறாள். இந்த வருடம் அவளை ஓட்டப்போகிறோம். நாற்பத்தைந்தில். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சொன்னேன். இவர் மினி லாரியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கையைக் கழுவினார், உட்கார்ந்தார், இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகுதான் கேட்டார்.

"ஆரு ஓட்டறது?"

"லோகு."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"கேட்டா ஒத்துக்குவான்."

"அது செரி" என்றார்.

சென்னியப்பன் என்கிற இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியாயிற்று. அவர் 'அது செரி' என்றால் மனசுக்கு ஒப்பவில்லை என்று அர்த்தம். தெரிந்தும் தெரியாதவள்போல ரசம் ஊற்றினேன்.

ஜூன் 4, புதன்

லோகு வந்தான். பூபதியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன், இப்போது தறிக்குப் போகிறான். பூபதி வண்டி ஓட்டினால் பின்னால் உட்கார்ந்து விசில் அடிப்பவன் இவன்தான். "நீங்க சொன்னாச் செரிங்கம்மா" என்றான். தொழுவத்துக்குப் போய்க் கடுகின் முதுகைத் தடவினான். திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"என்னடா கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க."

வெயிலில் வந்தவன், தாகமாக இருக்கும் என்று மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

தொழுவத்து வேப்பந்தூணில் பூபதி பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். அந்தியூர்ச் சந்தையில் கடுகைக் குட்டியாக வாங்கிவந்த நாள் முதல் மாதத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் மாதத்தின் பெயர். என்னிடமிருந்து தொற்றிய பழக்கம். அங்கன்வாடியில் மாதா மாதம் குழந்தைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்ப்பது என் வேலை. அவன் அதைக் குதிரைக்குச் செய்தான். வாங்கும்போது ஆட்டுக்குட்டி அளவுதான் இருந்தாள். "இதுக்குப் போயா இத்தனை கொடுத்தே?" என்று திட்டினேன். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா" என்றான். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கடைசிக் கோடு ஐப்பசி. நாற்பத்தைந்துக்கு ஒரு நூல் கீழே.

இன்று நானே அளந்தேன். குதிரைக்கு உயரம் தலையில் பார்ப்பதில்லை. பிடரி மயிர் முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதன்மேல் குறுக்குச் சட்டம் இடிக்காமல் தாண்டிப் போக வேண்டும். நாற்பத்தைந்தில் சட்டம் அடித்த கம்பு ஒன்றைப் பூபதியே செய்து வைத்திருந்தான். அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

இடித்தது.

தொழுவத்துத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. முன்னங்கால் மேட்டில் இருந்தால் இடிக்கத்தானே செய்யும்.

ஜூன் 9, திங்கள்

தரையைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, திம்சுக் கட்டை போட்டு இடித்துச் சமன் செய்தேன். அப்படியும் சட்டம் இடிக்கிறது. கம்பு ஈரத்தில் வளைந்துபோயிருக்கும்.

ஜூன் 14, சனி

ஆசாரியிடம் புதுக் கம்பு செய்து வாங்கினேன். ரசமட்டம் வைத்துச் செய்தது. இவர் கடுகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டம் மேட்டில் போய் முட்டி நின்றது. கடுகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது வளந்துருச்சு அம்மிணி" என்றார் இவர்.

"நாலு வயசுக் குதிரை எங்கீங்க வளரும்?"

"அஞ்சு வயசு வரைக்கும் வளரும். உனக்குத் தெரியாததா?"

எனக்கு ஏன் தெரியப்போகிறது? நான் குழந்தைகளை அளக்கிறவள். லாடத்தோடு அளந்தால் உயரம் கூடத்தானே காட்டும் என்றேன். அடுத்த மாதம் லாடத்தைக் கழற்றிவிட்டு அளந்துகொள்ளலாம். இவர் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு லாரியைக் கழுவப் போய்விட்டார். நேற்றுத்தான் கழுவினார்.

ஜூன் 18, புதன்

கடுகுக்குக் கொள்ளைப் பாதியாகக் குறைத்தேன். சதை போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

விடிகாலையில் வாய்க்கால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் பந்தயத்தில் குதிரை பெருநடையில்தான் ஓட வேண்டும். நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டால் அதோடு ஆட்டம் முடிந்தது, வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். அதனால் அடக்கி ஓட்டத் தெரிந்தவன்தான் சாரதி. லோகுவுக்குக் கை பதமாக இருக்கிறது. கடுகு போன வருடத்தைவிட எட்டி வைக்கிறாள். ஒவ்வொரு எட்டும் நீளம்.

"எப்படிடா இப்படிப் போறா?" என்றேன்.

"கால் நீண்டிருச்சுங்களே" என்று சொல்லிவிட்டு லோகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீடு வந்ததும் கடுகுக்குத் தண்ணீர் காட்டினேன்.

ஜூலை 1, செவ்வாய்

அளவு நாள். நித்தீஷ் என்கிற வால், உயரமாகத் தெரியவேண்டும் என்று நுனிக்காலில் நிற்கிறான். குதிகால் தரையில் படவேண்டும் என்று தலையில் தட்டினேன். அடுத்தது தர்ஷிகா. மூன்று வயது. பிப்ரவரியிலிருந்து ஒரு நூல்கூட வளராத குழந்தை. சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் இவளைப் பற்றித்தான் பேச்சு. சத்துமாவு உருண்டையை எத்தனை நாள் என் கையால் ஊட்டியிருப்பேன். இன்று நிறுத்திப் பார்த்தால் அரை இஞ்ச் வளர்ந்திருக்கிறாள். நம்பாமல் திரும்ப அளந்தேன். அதே அரை இஞ்ச்.

அவள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வளந்துட்டா, இதுக்கு மேல என்ன வேணும்" என்றேன் அவளிடம்.

வீட்டுக்கு வந்து தொழுவத்துப் பக்கம் போகவில்லை. இவர்தான் புல் போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

காதர் பாய் வந்து கடுகின் லாடத்தைக் கழற்றினார். எங்கள் பக்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் அவர்தான் லாடம் அடிக்கிறார். லாடம் இல்லாமல் அளந்தேன். இடி குறைந்தது, போகவில்லை.

"நகத்தைக் கொஞ்சம் எடுத்து விடுங்க பாய்."

எடுத்தார். பிறை பிறையாகத் துண்டுகள் விழுந்தன. நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. திரும்ப அளந்தேன்.

"இன்னுங் கொஞ்சம்."

"இவ்வளவுதாங்க அக்கா எடுக்கலாம். இதுக்கு மேல போனா உசுரு இருக்குது."

"பந்தயத்துக்கு இன்னும் நாள் கெடக்குது. வளந்துருமே."

காதர் பாய் என்னைப் பார்த்தார். பூபதியைக் கட்டிலில் கிடத்தியிருந்தபோது அவர் வந்து காலடியில் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. அதே மாதிரி இப்போது நின்றார். பிறகு அரத்தை எடுத்து இன்னும் நாலு இழுப்பு இழுத்தார்.

இவர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் போனதும், "செருப்புக்குத் தக்கன காலை வெட்டற கதையால்ல இருக்குது" என்றார். இரண்டு நாளைக்குச் சேர்த்து இன்றே பேசிவிட்டார்.

ஜூலை 12, சனி

ஒரு விஷயம் கவனித்தேன். முன்பெல்லாம் நான் கேட்டால் ரேஷன் கடையில் கோதுமைகூடக் கிடைக்காது. இப்போது எது கேட்டாலும் நடக்கிறது. ஆசாரி கூலி வாங்கவில்லை. காதர் பாய் மறுபேச்சுப் பேசவில்லை. லோகு தறிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறான். பந்தயக் கமிட்டியில் பேர் கொடுக்கப் போனால் தலைவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். "பையன் பேர்லயே எழுதிக்கறங்க. பூபதி நினைவா, அப்படின்னு" என்றார்.

இந்த மரியாதை எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று தூக்கி எறிய வேண்டியது. வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

மழை. ஓட்டம் இல்லை. கடுகு வாசற்படிச் சரளைக் கல்லில் கால் வைக்க யோசித்தாள். மண் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். மழை என்றால் இவளுக்கு எப்போதும் பயம்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பூபதியைக் கேட்க முடியாது. கொடியைக் கேட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

லோகுவும் இவரும் பிடித்துக்கொள்ள, காதர் பாய் இரண்டாவது தரம் நகம் எடுத்தார். தாள் கனத்துக்குத்தான் சட்டம் இடிக்கிறது என்றேன். வலது முன்னங்காலில் வெளுப்பு மறைந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்ததும் பாய் அரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆணி அடிக்கக்கூட நகம் இல்லீங்க அக்கா. லாடம் இல்லாமத்தான் ஓடோணும். தார் ரோடு."

"ஒரே ஒரு ஓட்டந்தானுங்க பாய். அதுக்கப்பறம் அவளை ஆரும் தொடமாட்டோம். ராசாத்தி மாதிரி வெச்சுக்கறேன்."

லோகு தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். கடுகு என் தோளில் மூக்கை வைத்து ஊதினாள். பூபதி பழக்கியது. வெல்லம் கேட்கிறாள் என்று அர்த்தம். கொடுத்தேன்.

இவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயில் முன்னால் அளவு எடுத்தார்கள். கமிட்டிக் கம்பைப் பிடிப்பவர் பொங்கியண்ணன். கறாரான ஆள். போன வருடம் சொந்த மச்சினன் குதிரை மயிரிழை இடித்தது என்று திருப்பி அனுப்பியவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குக் கைநனைக்கும் உறவே இல்லாமல் போய்விட்டது.

சிமெண்டுத் தரையில் கடுகை நிறுத்தினோம். ஒரு காலை ஊன்றுகிறாள், அடுத்ததை எடுக்கிறாள், மாற்றி மாற்றி. கூட்டத்தைப் பார்த்தால் நிலைகொள்ளமாட்டாள். பொங்கியண்ணன் சட்டத்தை இறக்கினார். பிறகு, "ஆச்சு. அடுத்த குதிரை" என்றார்.

சட்டம் இடித்ததா என்று நான் கவனிக்கவில்லை. நான் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

வண்டிச் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டார் இவர். பூபதியின் சிவப்புத் துண்டைத் தலைக்குக் கட்டிக்கொள்ளச் சொல்லி லோகுவுக்குக் கொடுத்தேன். நாளைக்குப் புளியமரத்தடியில் போய் நிற்கப்போகிறேன். ஜெயிப்பதை எல்லோரும் கோயில் வாசலில் நின்று பார்ப்பார்கள். எனக்கு அது வேண்டாம். கொடி கை மாறுவதைப் பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பதினெட்டு

காலையில் வாய்க்காலில் முளைப்பாரி விட்டார்கள். பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். நான் போகவில்லை. இவர் லாரியில் என்னைப் புளியமரத்தில் இறக்கிவிட்டு, வண்டிகளுக்குப் பின்னால் வருவதற்காகத் திரும்பிப் போனார். மரத்தடியில் கமிட்டிப் பையன்கள் இரண்டு பேர், மஞ்சள் துணியில் கட்டிய கொடி, ஒரு குடம் தண்ணீர்.

தூரத்தில் புழுதி தெரிந்தது. பைக்குகளின் ஹாரன், விசில். பதினோரு வண்டி. முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை, அதை ஒட்டி இன்னொன்று. பாலத்து வளைவு தாண்டியதும் சிவப்புத் துண்டு தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவன்தான்.

கடுகு வெளிப்பக்கமாக வந்து இரண்டையும் தாண்டினாள். பாய்ச்சல் இல்லை, துள்ளல் இல்லை, சுத்தமான பெருநடை. ஒவ்வொரு எட்டுக்கும் தலையைக் கீழே போட்டு மேலே தூக்கி, ஆட்டி ஆட்டி வந்தாள். சந்தோஷத்தில் ஆட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். நானும் இங்கே நின்றுகொண்டு தலையை ஆட்டினேன். "வா, என் தங்கமே, வா" என்று கத்தினேன். மரத்தைச் சுற்றி முதலில் திரும்பியது என் கடுகுதான். பையன் எட்டிக் கொடியை நீட்டினான். லோகு பறித்து இடுப்பில் செருகினான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. "அம்மா!" என்று ஒரு சத்தம் மட்டும் போட்டான். என்ன சொல்ல வந்தான் என்று புரியவில்லை. வண்டிகள் திரும்பிப் போய்விட்டன.

புழுதி அடங்கியது. அந்தப் பையன்களில் ஒருவன், "அக்கா, இதென்னங்க?" என்று ரோட்டைக் காட்டினான்.

தாரில் ஈரமாக, சிவப்பாக, அரைப்பிறை அரைப்பிறையாக அடையாளம். கடுகு திரும்பிய வளைவு முழுக்க. நாலு கால்களில் இரண்டின் அடையாளம். முன்னங்கால்கள்.

குடத்துத் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று தெரியவில்லை. ஊற்றியதும் இன்னும் அகலமாகப் பரவியது.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ரோட்டில் ஓடினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் கடுகு நின்றிருந்தாள். லோகு வண்டியைப் பூட்டவிழ்த்துவிட்டிருந்தான். மற்ற வண்டிகள் எல்லாம் தாண்டிப்போய்விட்டன. வாலைக்கூட ஆட்டாமல், முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னங்காலில் போட்டு நின்றாள். இவர் லாரியின் பின்கதவைத் திறந்து பலகை போட்டு வைத்திருந்தார். அவளால் ஏற முடியவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். தூக்கும்போதும் அவள் என் தோளைத் தேடி மூக்கை நீட்டினாள்.

கொடி இப்போது மேசைமேல் இருக்கிறது. லோகு வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அங்கன்வாடிக்கு லீவு சொன்னேன். கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. குனிந்து இரண்டு முன்னங்காலையும் தொட்டுப் பார்த்தார். நகத்தின் உள்சதை நசுங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. ஊசி போட்டார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து மருந்து தடவி, பஞ்சு வைத்து, துணி சுற்றிக் கட்டச் சொன்னார். தினமும் மூன்று முறை.

"மறுபடி ஓடுவாளாம்மா?" என்றேன்.

"மொதல்ல நடக்கட்டுங்க. நகம் மேலயிருந்து புதுசா எறங்கி வரோணும். முழுசா வர ஒரு வருசம் ஆகும்." பிறகு கேட்டார், "ஆருங்க இவ்வளவு எடுக்கச் சொன்னது?"

இவர் சட்டென்று, "நான்தானுங்க" என்றார்.

அந்த ஒரு பொய்க்கு அந்த டாக்டரம்மா அவரை என்னவெல்லாம் பேசினார். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'நான்' என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில் இருந்த பழைய துணியெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. சீழும் ரத்தமும் ஊறி, துவைத்தாலும் திரும்பக் கட்ட முடியவில்லை. பருத்தியாக, நைந்ததாக வேண்டும். அப்படிப்பட்ட துணி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பூபதியின் பீரோவைக் கார்த்திகைக்குப் பிறகு நான் திறக்கவில்லை. திறந்தேன். லுங்கி, பனியன், தொழுவத்துக்குப் போட்டுக்கொள்கிற அரைக்கைச் சட்டை. வியர்வையும் குதிரையும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு லுங்கியின் கரையைப் பல்லால் கடித்து, நாலு விரல் அகலத்துக்கு நீளநீளமாகக் கிழித்தேன்.

கிழிக்கிற சத்தம் கேட்டு இவர் உள்ளே வந்தார். என் மடியைப் பார்த்தார். பூபதியைப் பெட்டியில் வைத்து வாசலில் இறக்கியபோதுகூட அழாத மனிதர், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது மாதத்தில் அவரை நான் தொட்டது இன்றைக்குத்தான்.

பிறகு இரண்டு பேருமாகப் போய்க் கட்டினோம்.

ஆகஸ்ட் 9, சனி

லோகு தினமும் வருகிறான். வெந்நீர் வைக்கிறான், சாணி அள்ளுகிறான், போய்விடுகிறான். இன்று அவனை உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

"கொடி வாங்கினப்ப என்னைப் பாத்துக் கூப்புட்டியே, எதுக்குடா?"

"நிறுத்தட்டுங்களான்னு கேக்கத்தானுங்க. அப்பவே கை சொல்லிருச்சு, அவளுக்கு முடியலைன்னு. தலையைப் போட்டுப் போட்டு வந்தா பாருங்க, அது நொண்டறதுங்கம்மா."

சந்தோஷம் என்று நினைத்து நானும் ஆட்டினேனே.

"அன்னைக்கு முதல் நாள் வந்தப்பவும் என்னமோ சொல்ல வாயெடுத்தே."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"போன வருசம் பந்தயம் முடிஞ்சு ஒரு மாசத்துல பூபதி சொன்னானுங்க. இவ நிக்கமாட்டா, வளந்துட்டே இருக்கறா, அடுத்த ஆடிக்கு நாப்பத்தஞ்சுல நிக்காது, பெரிய குதிரையில உட்டுப் பழக்கோணும்னு. அவனுக்கு அதுல ஒரே குசி. பெரிய குதிரையிலதான்டா நம்ம கொடின்னான். அம்மாகிட்ட இப்ப சொல்லாதே, பெரிய குதிரைன்னா கொள்ளுக்கு இன்னும் செலவாகும்னு ஆறு மாசத்துக்குத் திட்டும்னு சொன்னானுங்க."

திட்டியிருப்பேன். ஆறு மாதம் என்ன, ஒரு வருடம் திட்டியிருப்பேன்.

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க அவன் பேரைச் சொல்லிக் கேட்டீங்க. அவன் அப்படிச் சொல்லலைங்கன்னு உங்ககிட்ட எப்படிங்கம்மா சொல்றது?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. குழம்பு ஊற்றினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எழுதியது பொய். சட்டம் இடித்தது. மேட்டில் முட்டி, ஒரு தாள் கனம் மேலே எழும்பியதைப் பார்த்தேன். பொங்கியண்ணன் என் முகத்தைப் பார்த்தார். சுண்டுவிரலால் சட்டத்தை மெல்லத் தூக்கிவிட்டு "ஆச்சு" என்றார். அத்தனை அறுத்தும் அவள் நாற்பத்தைந்துக்குள் வரவில்லை. அறுக்காமலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தாலும் அந்த மனிதர் என் முகத்துக்காகத் தூக்கித்தான் விட்டிருப்பார்.

இதை எழுதிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அறுக்கச் சொன்னது நான்தான் என்றேன். "கட்டு ஈரமாகாம பாத்துக்கோங்க" என்றார் அவர்.

செப்டம்பர் 1, திங்கள்

அளவு நாள். தர்ஷிகா இன்னும் கால் இஞ்ச். நித்தீஷ் இந்த முறை நுனிக்காலில் நிற்கவில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூபதி சின்ன வயதில் இப்படித்தான் மூச்சுப் பிடிப்பான். அதை நினைத்ததும் கண்ணீர் வந்தது, குழந்தைகளுக்கு முன்னாலேயே. ஆயா பழனாள் வந்து அளவுநாடாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. இவர் ஆற்றுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வந்தார். கடுகு எழுந்து தொட்டி வரைக்கும் நடந்தாள். ஏழெட்டு எட்டு. திரும்பப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

காதர் பாய் வந்தார். நகத்தின் மேல்விளிம்பில் புதுசாக ஒரு வரி இறங்கியிருக்கிறது, நல்லதாக இருக்கிறது என்றார். கடுகின் காலை மடியில் வைத்திருந்தார். "அன்னைக்கு நான் அரத்தைத் தூக்கிப்போட்டுட்டுப் போயிருக்கோணுமுங்க அக்கா" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். இவள் இனி வண்டியில் பூட்ட ஆகமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நவம்பர் 23, ஞாயிறு

பூபதிக்கு இன்று முதல் திதி. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து, சாப்பிட்டு, மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள். லோகு மட்டும் இருந்தான். அந்தக் கொடியைப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டட்டுமா என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது பூபதி வாங்கின கொடி இல்லை, அவன் கேட்ட கொடியும் இல்லை. கோயிலுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் கடுகைத் தூணோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். இப்போது நாலு காலையும் ஊன்றி நிற்கிறாள், வலது முன்னங்காலை மட்டும் கொஞ்சம் தாங்கி வைக்கிறாள். இவர் கயிற்றைப் பிடித்தார். லோகு கம்பைப் பிடித்தான். சட்டத்தை நாற்பத்தைந்தில் நிறுத்தியிருந்த ஆணியை முதலில் பிடுங்கச் சொன்னேன். மேட்டின்மேல் சட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. யாரும் அழுத்தவில்லை, யாரும் தூக்கவில்லை.

நாற்பத்தாறு.

பென்சிலை எடுத்துத் தூணில் கோடு போட்டேன். கார்த்திகை என்று எழுதினேன். கீழே அவன் எழுதிய ஐப்பசி. அதற்கும் கீழே புரட்டாசி, ஆவணி, ஆடி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அவன் கையெழுத்தில் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அவனுடைய கடைசிக் கோட்டுக்கும் என் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மரம். அந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றேன்.

"வளந்துட்டாடா, பூபதி" என்றேன்.

கடுகு என் தோளில் மூக்கை வைத்து ஊதினாள். இவர் வெல்லம் எடுத்துவர உள்ளே போனார்.